எறும்புப் புற்றில் அழையா விருந்தாளிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எறும்புப் புற்றுக்குள் எறும்பைத் தவிர வேறு என்னென்ன வாழ்கின்றன?

வண்டுகள், ஈக்களின் புழுக்கள், வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள், இறக்கையே இல்லாத பொடிச் சில்வண்டுகள், ராமபாணப் பூச்சிகள், உண்ணிகள், சிலந்திகள். இவற்றில் வண்டுகளுக்கே பெரிய பங்கு. குப்பை கொட்டும் அறையில் எச்சசொச்சத்தைத் தின்றுவிட்டு ஒதுங்கிக் கிடப்பவையும் உண்டு. எறும்புக் குஞ்சுகளின் நடுவிலேயே படுத்துக்கொண்டு, வேலைக்கார எறும்புகளின் வாயிலிருந்து சாப்பாடு வாங்கித் தின்பவையும் உண்டு.

எரிக் வாஸ்மன் என்ற ஆஸ்திரிய இயேசு சபைப் பாதிரியார் 1894இல் இவற்றுக்குப் பெரிய பட்டியல் ஒன்றை வெளியிட்டார். எறும்புகள் இவற்றை எப்படி நடத்துகின்றன என்பதை வைத்து அவர் வகையும் பிரித்தார்: துரத்தப்படுபவை, கண்டுகொள்ளப்படாதவை, உபசரிக்கப்படுபவை, ஒட்டுண்ணிகள், இனிப்புநீர் கொடுத்துப் பிழைப்பவை. ஒரே பூச்சி காலையில் ஒரு வகையாகவும் மாலையில் வேறு வகையாகவும் நடந்துகொள்ளும் என்பதால் இந்தப் பிரிவினை அவ்வளவு கறாரானதல்ல. ஆனாலும் பேசுவதற்கு வசதியாக இருப்பதால் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

கடித்துக் குதறும் எறும்புகளிடம் போய் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?

வாசலைத் தாண்டிவிட்டால் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. வெயில், மழை, குளிர் எதுவும் அதிகம் தாக்காது. பறவையும் பல்லியும் உள்ளே வராது. வெளியிலிருந்து சாப்பாடு ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். போதாததற்கு, கொழுகொழுவென்று, ஓடவும் தெரியாத எறும்புக் குஞ்சுகள் குவியல் குவியலாகக் கிடக்கும்.

அத்தனை காவலையும் மீறி எறும்புகளுக்குத் தெரியாமல் எப்படி இருக்க முடிகிறது?

இவற்றில் பலவும் ஒளிந்துகொண்டு வாழ்வதில்லை. எறும்புகள் அவற்றின் மேல் ஏறி நடக்கின்றன, உணர்கொம்பால் தட்டிப் பார்க்கின்றன, நக்குகின்றன, சில சமயம் தூக்கிக்கொண்டும் போகின்றன. எதிரில் இருப்பது யார் என்று எறும்பு முழுசாக ஆராய்வதில்லை என்பதுதான் இதில் ரகசியம். இருட்டில் கண்ணுக்கு வேலையில்லை. ஓரிரு அடையாளங்களைச் சரிபார்க்கிறது. அவை பொருந்தினால் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. அந்த ஓரிரு அடையாளங்களைச் சம்பாதித்துவிட்டால் மற்ற எல்லா வித்தியாசமும் மன்னிக்கப்படும். எறும்பைவிடப் பல மடங்கு பெரிய உடம்பாக இருந்தாலும் சரிதான்.

முதல் அடையாளம் வாசனை. எறும்பின் உடம்பின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. உடம்பு காய்ந்துபோகாமல் காப்பதுதான் அதன் அடிப்படை வேலை. அதில் கலந்திருக்கும் ஹைட்ரோகார்பன்கள் என்ற மெழுகுப் பொருள்களின் விகிதம் ஒவ்வொரு புற்றுக்கும் கொஞ்சம் மாறும். ஒரே புற்றில் இருப்பவை ஒன்றையொன்று நக்கி, உரசி, வாய்க்கு வாய் உணவு கொடுத்துக்கொள்வதால் எல்லாமே ஒரு பொது வாசனையில் ஊறிப்போகின்றன. இரண்டு எறும்புகள் சந்திக்கும்போது உணர்கொம்புகள் படபடவென்று தட்டிக்கொள்வது இந்த வாசனையைச் சரிபார்க்கத்தான்.

சரி, அந்த வாசனை விருந்தாளிக்கு எங்கிருந்து வருகிறது?

சில பூச்சிகள் எறும்பின் வாசனையைப் போன்ற ஒன்றைத் தாமே சுரக்கின்றன. வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் சிலவற்றுக்கு இந்த வித்தை தெரியும். ஆனால் ஒவ்வொரு புற்றின் வாசனையும் மாறும் என்பதால், சொந்தச் சரக்கை மட்டும் நம்பினால் நுணுக்கமான பொருத்தம் கிடைப்பது கடினம். அதனால் பல பூச்சிகள் எளிய வழியை எடுக்கின்றன. வாசனையைத் திருடுகின்றன.

தென்கிழக்காசியக் காடுகளில் நிலையான புற்று இல்லாமல் கூட்டமாக இடம் மாறி வேட்டையாடும் படையெறும்புகளைப் போல் அலையும் லெப்டோஜெனிஸ் என்ற எறும்புகளுடன் மலயாடெலூரா என்ற ராமபாணப் பூச்சி வாழ்கிறது. கூட்டுப்புழுப் பருவம் முடிந்து அப்போதுதான் வெளிவந்த, உடம்பு இன்னும் இறுகாத இளம் எறும்புகளாகப் பார்த்து இது உரசிக்கொள்ளும். அவை எதிர்ப்புக் காட்டாது. 2011இல் வெளியான ஆய்வில், எறும்புகளின் மேல் அடையாளப் பொருள் ஒன்றைத் தடவிவிட்டபோது அது ராமபாணப் பூச்சிகளின் உடம்புக்கும் போய்ச் சேர்ந்தது. சில பூச்சிகளைப் பிரித்து 9 நாட்கள் தனியே வைத்தார்கள். அவற்றின் மேல் இருந்த எறும்பு வாசனை குறைந்துபோனது. திரும்பக் கொண்டுபோய் விட்டபோது, வீட்டுப் பிள்ளைபோல் நடமாடியவற்றை அதே எறும்புகள் தாக்கின.

ஆஸ்திரேலியாவில் முசுறு எறும்பின் இலைக்கூட்டுக்குள் வாழும் குதிக்கும் சிலந்தி ஒன்று இருக்கிறது. அது எறும்பின் புழுக்களைத் தின்று, அந்தச் சாப்பாட்டின் வழியாகவே அந்தக் கூட்டின் வாசனையைப் பெறுகிறது. எட்டுக் கால்கள் இருப்பதால் பூச்சிக் கணக்கில் வராது. ஆனால் திருட்டில் யாருக்கும் சளைத்ததல்ல.

வாசனையே இல்லாமல் இருப்பதும் ஒரு தந்திரம்தான். பிறந்தவுடன் எறும்புக்கும் உடம்பில் வாசனை மிகக் குறைவு. அதனால் அந்தப் பருவத்தில் அந்நியப் புற்றில்கூட ஏற்றுக்கொள்ளப்படுவதுண்டு. வாசனை குறைவாக உள்ள பூச்சி அதே சந்தில் நுழைந்துவிடுகிறது.

உருவமும் எறும்பைப் போல இருக்க வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டாம். மைக்ரோடான் என்ற ஈயின் புழு எறும்புக்குக் கொஞ்சமும் ஒப்பாக இருக்காது. மேடாகக் கவிழ்ந்த, காலில்லாத, ஊரும் பிண்டம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பார்த்தவர்கள் பூச்சி என்றே நினைக்கவில்லை. நத்தை இனத்தில் சேர்த்து, மெல்லுடலிக்கான பெயரும் வைத்துவிட்டார்கள். அது பாட்டுக்கு எறும்புக் குஞ்சுகளைத் தின்றுகொண்டிருக்கிறது.

படையெறும்புகளின் கதை வேறு. இவற்றோடு சேர்ந்து ஓடும் குட்டை இறக்கை வண்டுகள் சில, மெலிந்த இடுப்பு, நீண்ட கால், வளைந்த உணர்கொம்பு என்று எறும்பாகவே உருமாறியிருக்கின்றன. 2017இல் வெளியான ஆய்வின்படி, இந்த வண்டுக் கூட்டத்தில் இப்படிப்பட்ட மாற்றம் குறைந்தது 12 முறை தனித்தனியாக நடந்திருக்கிறது. எறும்பு தொட்டுப் பார்க்கும்போது ஏமாற்றத்தான் இந்த வடிவம் என்பது பலருடைய கருத்து. படையெறும்புகள் திறந்த வெளியில் அணிவகுத்துப் போவதால் பறவைகளின் கண்ணுக்கும் இது பயன்படலாம்.

அதே 2017இல் கோஸ்டாரிகாவிலிருந்து விவரிக்கப்பட்ட நிம்ஃபிஸ்டர் குரோனவரி என்ற வண்டு செய்வதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நீளம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். படையெறும்புகள் முகாம் மாற்றும்போது இது ஓர் எறும்பின் இடுப்பைத் தாடையால் கவ்விக்கொண்டு தொங்கும். பளபளக்கும் அதன் முதுகு, நிறத்திலும் வடிவத்திலும் எறும்பின் வயிற்றையே ஒத்திருக்கும். பார்த்தால் இரண்டு வயிறு உள்ள எறும்பு நடந்துபோவது போலத்தான் தெரியும். நடக்கும் சிரமமும் இல்லை, மிதிபடும் பயமும் இல்லை.

வாசனையைத் தவிர வேறு என்ன அடையாளம் இருக்கிறது?

ஒலி. எறும்புகளில் பல இனங்கள் வயிற்றுப் பகுதியின் கணுக்களை உரசி மெல்லிய கீச்சொலி எழுப்பும். நம் காதுக்கு அது ஏறக்குறைய எட்டாது. ராணியின் ஒலியும் வேலைக்கார எறும்பின் ஒலியும் வேறு வேறு.

ஃபெங்காரிஸ் ரெபெலி என்ற நீலன் வகை வண்ணத்துப்பூச்சியின் புழுவும் கூட்டுப்புழுவும் மிர்மிகா எறும்பு ராணியின் ஒலியைப் போன்ற ஒலியை எழுப்புகின்றன என்று 2009இல் காட்டப்பட்டது. அந்த ஒலியைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் போட்டபோது, வேலைக்கார எறும்புகள் ராணியைக் காப்பதுபோல ஒலிபெருக்கியைச் சூழ்ந்து காவல் நின்றன. இந்தப் புழு வெறும் குடிமகன் வேஷம் போடவில்லை; அரச வேஷம் போட்டிருக்கிறது. சாப்பாடு குறையும் காலத்தில் செவிலி எறும்புகள் தங்கள் சொந்தக் குஞ்சுகளைக் கொன்று இந்தப் புழுவுக்கு ஊட்டியதுகூடப் பதிவாகியிருக்கிறது.

பவுசஸ் ஃபவியேரி என்ற வண்டும் ஒலி எழுப்புவதில் கில்லாடி. ராணி ஒலி, வேலைக்கார எறும்பின் ஒலி இரண்டையும் ஒத்த ஒலிகளை அது எழுப்புவதாக 2015இல் தெரியவந்தது. தடித்த உணர்கொம்புகளிலிருந்து சுரக்கும் திரவத்தை எறும்புகள் ஆசையோடு நக்கும். வண்டோ எறும்பையும் அதன் குஞ்சுகளையும் துளைத்து உறிஞ்சிக் குடிக்கும். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

எறும்புகள் ஒரு விருந்தாளியை எப்படி உள்ளே அழைத்துப் போகின்றன?

இதை மிக நெருக்கமாகப் பார்த்தவர் பெர்ட் ஹோல்டோப்ளர் என்ற ஜெர்மானிய எறும்பியலாளர். 1960களின் பிற்பகுதியில் அவர் ஆராய்ந்தது அடெமெலிஸ் என்ற குட்டை இறக்கை வண்டு.

வண்டு புற்றின் வாசலருகே ஓர் எறும்பை அணுகி, உணர்கொம்பால் மெல்லத் தட்டும். எறும்பு உஷாராகித் திரும்பும். உடனே வண்டு தன் வயிற்று நுனியை வளைத்து எறும்பின் முகத்துக்கு நேரே நீட்டும். அங்கே ஒரு சுரப்பி இருக்கிறது. எறும்பு அதை நக்கியதும் கோபம் தணியும். அடுத்து வண்டின் வயிற்றுப் பக்கவாட்டில் உள்ள சுரப்பிகள் எறும்பைக் கவரும். அவற்றைச் சுற்றிக் குச்சம்போல் முடிக்கற்றைகள் உண்டு. வண்டு வயிற்றை நீட்டிக் கொடுக்க, எறும்பு அந்த முடியைப் பற்றித் தூக்கிக்கொண்டு நேரே குஞ்சுகள் இருக்கும் அறைக்குப் போய்விடும். அடித்து விரட்ட வந்தது, மூட்டை தூக்கும் கூலியாக மாறிவிடுகிறது.

உள்ளே வண்டு இடும் முட்டையிலிருந்து வரும் புழுக்களும் லேசுப்பட்டவை அல்ல. எறும்பு பக்கத்தில் வந்ததும் தலையைத் தூக்கி அதன் வாயைத் தேடும். எறும்பு தன் வயிற்றிலிருந்து ஒரு சொட்டு உணவைக் கக்கிக் கொடுக்கும். எறும்பின் சொந்தக் குஞ்சுகளைவிட இவை அதிகம் வாங்கித் தின்கின்றன. தின்றது போக, குஞ்சுகளையும் தின்கின்றன.

எதை வைத்து எறும்புகள் இவற்றைக் குஞ்சு என்று எண்ணுகின்றன? ஹோல்டோப்ளர் இறந்த வண்டுப் புழுக்களின் மேல் அரக்கு பூசிப் பார்த்தார். முழுக்கப் பூசியவற்றை எறும்புகள் குப்பையில் போட்டன. உடம்பில் ஒரு கணுவை மட்டும் பூசாமல் விட்டபோது, குஞ்சு அறைக்குத் தூக்கிப் போயின. புழுவின் சாறு தோய்த்த வடிதாள் துண்டைக்கூடக் கொண்டுபோய்க் குஞ்சுகளோடு வைத்துக்கொண்டன. ஒரு கணு அளவு வாசனை போதும், காகிதமும் பிள்ளைதான்.

அப்படியானால் புற்று ஏன் அழிந்துபோவதில்லை? வண்டுப் புழுக்களுக்குத் தம் இனத்தையும் எறும்புக் குஞ்சையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நெருங்கிக் கிடந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் அவற்றின் எண்ணிக்கை தானாகவே அடங்கிவிடுகிறது.

விருந்தாளிகள் ஒரே புற்றில்தான் ஆயுசு முழுக்க இருக்குமா?

எல்லாம் அப்படியல்ல. மேலே சொன்ன அடெமெலிஸ் வண்டுக்கு இரண்டு வீடு. கோடையில் ஃபார்மிகா எறும்புகளின் புற்றில் வளர்கிறது. இலையுதிர் காலத்தில் ஃபார்மிகா எறும்புகள் குஞ்சு வளர்ப்பதை நிறுத்திவிடும்; உணவுப் பகிர்வும் ஓய்ந்துவிடும். மிர்மிகா எறும்புகளோ குளிர்காலத்திலும் குஞ்சுகளை வைத்திருக்கும். ஆகவே வண்டு அங்கே குடிபெயர்ந்து, வசந்தத்தில் இனப்பெருக்கத்துக்காக ஃபார்மிகா புற்றுக்குத் திரும்புகிறது. வழி காட்டுவது காற்றில் வரும் எறும்பு வாசனை.

எல்லா விருந்தாளிக்கும் எறும்புகளே ஊட்டிவிடுகின்றனவா?

கெஞ்சி வாங்குபவை குறைவு, தட்டிப் பறிப்பவை அதிகம். இரண்டு எறும்புகள் வாயோடு வாய் வைத்து உணவு பரிமாறிக்கொள்ளும் நொடியில், அடெலூரா என்ற ராமபாணப் பூச்சி இடையில் பாய்ந்து அந்தச் சொட்டை உறிஞ்சிவிட்டு ஓடும். பிரான்சின் சார்ல் ஜானே இதை 1896இலேயே விவரித்திருக்கிறார். ஆம்ஃபோட்டிஸ் என்ற வண்டு இன்னும் துணிச்சல். ஐரோப்பாவில் கருப்பு லேசியஸ் எறும்புகளின் பாதையோரம் இரவில் நின்றுகொண்டு, வயிறு நிறையத் தேன்நீரோடு திரும்பும் எறும்பின் வாயைத் தட்டிக் கக்க வைக்கும். ஏமாந்தது தெரிந்து எறும்பு கடிக்க வந்தால், காலையும் உணர்கொம்பையும் உள்ளிழுத்துத் தரையோடு தரையாக அப்பிக்கொள்ளும். அந்த ஓட்டை எறும்பால் புரட்ட முடியாது.

எறும்புகளுக்கு இதனால் ஏதாவது லாபம் உண்டா?

இதுவரை சொன்னவற்றில் ஏறக்குறைய இல்லை. லாபம் உள்ள உறவு என்றால் செடியின் சாற்றை உறிஞ்சி இனிப்புநீர் தரும் அசுவினிப் பூச்சிகள், நீலன் குடும்பத்துப் புழுக்கள் ஆகியவற்றைச் சொல்லலாம். அவை இனிப்பைத் தரும், எறும்பு காவல் காக்கும். அதிலும் கள்ளக்கணக்கு இருக்கிறது. ஜப்பானில் நராதுரா ஜப்பானிகா என்ற நீலனின் புழு தரும் திரவத்தைக் குடித்த எறும்புகளின் மூளையில் டோபமைன் என்ற, நடத்தையைத் தூண்டும் வேதிப்பொருளின் அளவு குறைந்து, அவை அங்குமிங்கும் அலையாமல் புழுவின் பக்கத்திலேயே நின்றன என்று 2015இல் கண்டறிந்தார்கள். கூலி வாங்கும் காவலாளியா, மயக்கத்தில் நிற்கும் காவலாளியா என்ற சந்தேகம் நியாயமானதே.

எறும்புகள் இன்னும் கறாராகச் சோதிக்கக் கூடாதா?

சோதிக்கலாம், விலை அதிகம். புற்றின் பொது வாசனை நாளுக்கு நாள், உணவுக்கு உணவு கொஞ்சம் மாறும். துளி வித்தியாசத்துக்கும் தாக்குதல் என்று வைத்துக்கொண்டால், வெளியே போய்த் திரும்பும் சொந்தச் சகோதரிகளே செத்துப்போவார்கள். அந்நியரை விட்டுவிடும் தவறுக்கும் சொந்தத்தைக் கொல்லும் தவறுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டாக வேண்டும். விருந்தாளிகள் நுழைவது அந்தக் கோட்டின் தளர்வான பக்கத்தில்.

அதற்காக எறும்புகள் சும்மா இருக்கின்றன என்று அர்த்தமில்லை. டென்மார்க்கில் மிர்மிகா ருப்ரா எறும்புகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். நீலன் புழுக்களின் தொல்லை உள்ள இடங்களில் எறும்பின் வாசனைக்கும் புழுவின் வாசனைக்கும் இடையே விரட்டலும் தப்பலும் நடப்பதற்கான அடையாளங்கள் தெரிந்தன. மைக்ரோடான் ஈயும் அப்படித்தான்: தாய் ஈ வளர்ந்த புற்றிலிருந்து தூரம் கூடக்கூட, அங்குள்ள எறும்புகளிடம் அதன் முட்டைகள் பிழைப்பது குறைந்துகொண்டே போனது. அடுத்த ஊர் எறும்பை ஏமாற்ற இந்த ஊர் வித்தை பலிக்காது.

பிரிட்டனில் அழிந்து திரும்பி வந்த வண்ணத்துப்பூச்சிக்கும் எறும்புக்கும் என்ன தொடர்பு?

பெரிய நீலன் என்ற அந்த வண்ணத்துப்பூச்சி தைம் செடியின் பூவில் முட்டையிடும். புழு இரண்டு மூன்று வாரம் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழும். மிர்மிகா எறும்பு வந்து தட்டிப் பார்த்து, அதன் இனிப்புநீரைக் குடிக்கும். புழு உடம்பை எக்கி உப்பிக் காட்டும். எறும்பு தன் குஞ்சென்று எண்ணித் தூக்கிப் போகும். அதன் பிறகு பத்து மாதமோ அதற்கு மேலோ இருட்டில் எறும்புக் குஞ்சுகளைத் தின்று வளரும். இறுதி எடையில் 98 சதவீதத்துக்கு மேல் புற்றுக்குள் சேர்ப்பதுதான்.

பல பத்தாண்டுகள் இதைக் காப்பாற்றப் பாடுபட்டும் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. பூ இருந்தது, எறும்பும் இருந்தது. ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் அங்கேயே கிடந்து கண்டுபிடித்தது இதுதான்: மிர்மிகாவில் எந்த எறும்பானாலும் தூக்கிப் போகும், ஆனால் புழு நன்றாகப் பிழைப்பது மிர்மிகா சபுலெட்டி என்ற ஒரே இனத்தில். அந்த எறும்புக்குச் சூடான மண் வேண்டும். புல் ஒட்ட மேய்ந்திருக்க வேண்டும். 1950களில் மிக்ஸோமடோசிஸ் நோயால் முயல்கள் மடிந்தன, மேய்ச்சலும் குறைந்தது. புல் சில சென்டிமீட்டர் உயர்ந்ததும் மண் குளிர்ந்து, அந்த எறும்பின் இடத்தை வேறு மிர்மிகா இனங்கள் பிடித்தன. காரணம் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1979இல் பிரிட்டனில் இனம் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். பிறகு மேய்ச்சலைத் திருத்தி, 1983 முதல் சுவீடனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இப்போது மீண்டும் பறக்கிறது.

விருந்தாளியைத் தேடி வரும் எதிரி உண்டா?

உண்டு. ரெபெலி நீலனின் புழுவில் முட்டையிடும் இக்நியூமான் யூமெரஸ் என்ற குளவி, புழு உள்ள மிர்மிகா புற்றாகப் பார்த்து நுழையும். சண்டை வந்தால் ஒரு ரசாயனக் கலவையை வெளிவிடும். எறும்புகள் வெறிபிடித்து ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். அந்தக் கலவரத்தில் குளவி புழுவில் முட்டையிட்டுவிட்டு வெளியேறும். 2002இல் இது வெளியானபோது எறும்பியலாளர்களே வியந்தார்கள்.

வளர்ந்த பிறகு வெளியே வருவது எப்படி?

வேஷம் கலையும் நேரம் அது. இந்தியா முதல் ஆஸ்திரேலியா வரை முசுறுக் கூடுகளில் வாழும் லிஃபைரா பிராசோலிஸ் வண்ணத்துப்பூச்சியின் புழு வாசனையை அதிகம் நம்புவதில்லை. தட்டையான, தோல் தடித்த கவசத்தோடு கூட்டுக்குள் அமர்ந்து, எறும்புகள் கடிக்கக் கடிக்கக் குஞ்சுகளைத் தின்னும். கூட்டுப்புழுவும் அந்தத் தோலுக்குள்ளேயே உருவாகும். கவசமில்லாமல் வெளிவரும் வண்ணத்துப்பூச்சியின் மேல் எளிதில் உதிரும் செதில்கள் மூடியிருக்கும். கடிக்க வரும் முசுறுகளின் வாயிலும் காலிலும் செதில்கள் அப்பிக்கொள்ள, அது நழுவிப் பறந்துவிடும்.

இந்த உறவு எவ்வளவு பழையது?

குஜராத்தின் காம்பே பகுதி அம்பரில், அதாவது கல்லாக இறுகிப்போன பழங்கால மரப்பிசினில், ஏறக்குறைய 5.2 கோடி ஆண்டுப் பழமையான ஒரு வண்டு கிடைத்தது. இன்றைய எறும்பு விருந்தாளி வண்டுகளின் முடிக்கற்றைகள் அதற்கும் இருந்தன. மியான்மர் அம்பரில் கிடைத்த வேறொரு வண்டு, ஏறக்குறைய 9.9 கோடி ஆண்டுக்கு முன்பே எறும்புகளோடு வாழ்ந்ததாகக் கருதப்படுகிறது. எறும்புகள் கூட்டமாக வாழத் தொடங்கிய காலத்துக்கு இது வெகு தூரமில்லை.

இவற்றை நாமே பார்க்க முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். எறும்புகள் குடியிருக்கும் தட்டையான கல்லை மெல்லத் தூக்கி, முதல் சில நொடிகளைத் தவறவிடாமல் பாருங்கள். குஞ்சுகளை வாயில் கவ்வி ஓடும் எறும்புகளை விட்டுவிட்டு, அவற்றிடையே வேறு தாளத்தில் ஓடுவதைத் தேட வேண்டும். சில மில்லிமீட்டர் நீளத்தில், கூன்போட்ட முதுகும் தடித்த பின்தொடைகளுமாகக் குதித்து மறைந்தால் அது எறும்புச் சில்வண்டு. பாடாது, அதற்கு இறக்கையே இல்லை. வெள்ளியாக வழுக்கிக்கொண்டு ஓடினால் ராமபாணப் பூச்சி. கல்லைப் பழைய படியே வையுங்கள். டப்பாவில் போட்டு வளர்க்கலாம் என்று எடுத்துவர வேண்டாம்: எறும்பிடமிருந்து வாங்கித் தின்றே பழகிய சில்வண்டு இனங்கள் எறும்பு இல்லாமல் நெடுநாள் தாங்காது. சில நாள் கழித்துத் திரும்பக் கொண்டுபோய் விடலாம் என்றாலும், அதற்குள் வாசனை போயிருக்கும்.